ஒன்று என்றால் ஒன்றும் இல்லை

போன வியாழக்கிழமை நான் எனக்கே ஒரு கடிதம் எழுதினேன்.

காதல் கடிதம் அல்ல. ஐம்பத்து நான்கு வயதில், இந்தத் தலையோடு, என்னை நானே காதலிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. இது ஆபீஸ் கடிதம். கம்பனிப் பெயர் அச்சடித்த தாள், மேலே திகதி, கீழே சீல். தமிழில் சொன்னால் இப்படி வரும் —

'இந்த நிறுவனத்தின் உரிமையாளராகிய நான், இங்கே வேலை செய்யும் எனக்குப் பல் காப்புறுதி எதுவும் கொடுக்கவில்லை என்பதையும், கொடுக்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.'

எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். என்ன கல்நெஞ்சக்காரன்! இப்படிப்பட்ட முதலாளியிடமா இத்தனை வருடம் மாடாய் உழைத்தேன் என்று என் மேலேயே எனக்குப் பரிதாபம் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். இது அரசாங்கம் கேட்ட கடிதம்.

சென்ட் லோரன்டில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது என்பது வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். கல்யாணக் கார்ட், சாமத்திய வீட்டுக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்... மொன்றியல் தமிழர் பிறந்ததில் இருந்து போய்ச் சேரும்வரை எதற்காவது என்னிடம் வந்தே ஆகவேண்டும். வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது பவானி.

நான் எப்படி முதலாளியாகவும் இருந்துகொண்டு வேலை செய்கிறவனாகவும் இருக்கிறேன்? அது ஒரு கணக்காளர் செய்த வேலை. "கடையைக் கம்பனியாகப் பதியுங்கோ, நீங்களே உங்களுக்குச் சம்பளம் குடுங்கோ" என்றார். பதிந்தேன். அன்றில் இருந்து நான் இரண்டு ஆள். வீட்டில் பிள்ளை பார்க்கும் கார்டெரி நடத்தும் என் மனைவி, அயலவர் பிள்ளைகள் ஆறு பேரை ஒரே நேரத்தில் தூங்கவைக்கத் தெரிந்தவள், இதைக் கேட்டதும் ஒரே வரியில் முடித்தாள்:

"முதலாளியும் நீங்கள், தொழிலாளியும் நீங்கள். ரெண்டு பேரிலை ஒருத்தருக்காவது மூளை இருக்குதோ பாருங்கோப்பா."

அந்த வரியை அன்று சிரித்துக்கொண்டு கேட்டேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

பவானியைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினொரு வருடமாக என்னோடு இருக்கிறார். தட்டச்சு, வடிவமைப்பு, பிழை திருத்தம் எல்லாம் அவர்தான். கையில் சிவப்புப் பேனா. எங்கள் அச்சகத்தில் ர-வும் ற-வும் இடம் மாறிப் போன வரலாறு கிடையாது. ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் தகப்பன் கார்டுக்கு விபரம் எழுதிக் கொடுத்தார். பவானி நிமிர்ந்து பார்த்து, "ஐயா, உங்கட பேரை நீங்களே பிழையா எழுதியிருக்கிறியள்" என்றார். அறுபத்தைந்து வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன் என்றார் அவர். "அப்ப அறுபத்தஞ்சு வருசமாப் பிழை" என்றார் பவானி. கார்டில் சரியான பெயர்தான் போனது.

அவருடைய கணவர் ரமணன் சொந்தக் காரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அவரும் தனக்குத் தானே முதலாளி. இரண்டு பிள்ளைகள்.

இந்தப் பவானிக்குத்தான் குளிர்காலத்தில் பல் வலி வந்தது.

முதலில் கராம்பு எண்ணெய். பஞ்சில் தொட்டு வாய்க்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தார். கடை முழுக்கக் கராம்பு வாசம். கார்ட் எடுக்க வந்த ஒரு பெண்ணின் தாய் கவரைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "என்ன அண்ணை, கார்டிலையே பிரியாணி மணக்குது?" என்று கேட்டார். இது புது ஸ்டைல் என்று சொல்லி அனுப்பினேன்.

பேச்சுக் குறைந்தது. சிவப்புப் பேனாவின் அழுத்தம் கூடியது. ஒருநாள் ஒரு கல்யாணக் கார்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"என்ன பவானி, பிழையோ?"

"பிழை இல்லை அண்ணை. 'பல்லாண்டு வாழ்க' எண்டு கிடக்கு. அந்த முதல் ரெண்டு எழுத்தைக் கண்டாலே நோகுது."

அதற்குமேல் நான் சும்மா இருக்கவில்லை. ரமணன் வேலையில். நானே கோட்-டெ-நெய்ஜில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சென்னைக்கார டாக்டரம்மா. நல்ல மனுஷி.

"வாயை நல்லா திறங்க" என்றார்.

"நோகுமே?" என்று கேட்டார் பவானி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"வலிக்குமான்னு கேக்கிறா டாக்டர்." தமிழில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். மொன்றியலில் இதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கலாம்.

பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கீழ்க் கடைவாய்ப் பல்லு. நரம்பு வரைக்கும் போயிடுச்சு. ரூட் கனால் பண்ணா காப்பாத்திடலாம். இப்போதைக்கு மருந்து தரேன், தற்காலிகமா அடைச்சு விடறேன். ஆனா ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க. அப்புறம் புடுங்கறதைத் தவிர வழி இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் இந்த ஊரில் நம்மவர் பாதிப்பேர் கூரையைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன்.

கியூபெக்கில் எல்லாரிடமும் சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டை இருக்கிறது. நெஞ்சு வலியா? அட்டையைக் காட்டுங்கள். கால் முறிந்துவிட்டதா? அட்டையைக் காட்டிவிட்டு எமர்ஜென்சியில் மற்றக் காலும் மரத்துப்போகும்வரை உட்காருங்கள். ஆனால் பல்? பல் உடம்பில் சேர்த்தி இல்லை! உதடு அரசாங்கத்தின் பொறுப்பு. நாக்கு அரசாங்கத்தின் பொறுப்பு. தொண்டை — தாராளமாக. நடுவில் இருக்கும் முப்பத்திரண்டும் உங்கள் சொந்த விவகாரம். குழந்தைக்குப் பல் பிந்தித்தான் முளைக்கிறது அல்லவா? அதற்குள் சட்டம் எழுதி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பெரிய கம்பனியில் வேலை என்றால் பிரச்சினை இல்லை. அங்கே குழுக் காப்புறுதி இருக்கும். பல்லைக் காட்டிச் சிரிக்கலாம். கடை போட்டவர்கள், கேட்டரிங் செய்கிறவர்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள், அவர்களிடம் வேலைக்கு நிற்கிறவர்கள்... நாம் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகியவர்கள்.

ஆனால் விதி மாறியது. ஒட்டாவா அரசாங்கம் ஒரு பல் திட்டம் கொண்டு வந்தது தெரியும்தானே? முதலில் வயதானவர்களுக்கும் சிறுவர்களுக்கும். பிறகு எங்களைப்போல இரண்டும்கெட்டான் வயதில் இருக்கிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். குடும்ப வருமானம் ஒரு எல்லைக்குக் கீழே இருக்கவேண்டும் — அந்த எல்லைக்குக் கீழே இருப்பதில் எனக்கு நீண்டகால அனுபவம் உண்டு. இன்னொரு நிபந்தனை: வேலை இடத்தில் பல் காப்புறுதி இருக்கக்கூடாது. இருந்து நீங்கள் வேண்டாம் என்று விட்டிருந்தாலும் சரிவராது. கிடைக்கிற வழியே இருக்கக்கூடாது.

"அப்ப உமக்குக் கட்டாயம் கிடைக்கும் பவானி!" என்றேன் பெருமையாக. "எங்கட கடையிலை ஒரு வழியும் இல்லைத்தானே!"

இப்படி ஒரு விஷயத்துக்குப் பெருமைப்பட்ட முதலாளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அன்றிரவே பவானி விண்ணப்பித்தார். சில வாரத்தில் கடிதம் வந்தது. அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். உட்காரவில்லை.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்சை பல்லு இன்சூரன்ஸ் இருக்கே?"

"இஞ்சையோ? இஞ்சை பல்லுக்குத்திகூட இல்லை."

"அப்ப அரசாங்கம் பொய் சொல்லுதே? என்ர முதலாளி எனக்கும் என்ர மனிசனுக்கும் பல்லுக் காப்புறுதி வைச்சிருக்கிறாராம். அதாலை தங்களாலை தரேலாதாம்."

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

"பதினொரு வருசமா இதை ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீங்கள்" என்றார் பவானி. "ரெண்டு வருசத்துக்கு முன்னம் பல்லுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தியளே... அது இந்த இன்சூரன்ஸிலைதானே?"

பல்லின் மேல் மாட்டிய அந்தக் கவசத் தொப்பி சென்னையில் போட்டது. மனைவி வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனோம். சேலைக்கடைக்கு எதிரே பல் டாக்டர். பத்தொன்பதாவது சேலையை விரிக்கிற நேரத்தில் நான் எழுந்து போய்ப் பல்லைச் செய்துகொண்டு திரும்பிவந்தேன். முப்பதாவது சேலை விரித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் சொன்னேன். பவானியின் முகம் மாறவில்லை.

"மனிசி மேலை சத்தியம் பவானி."

"அக்கா மேலை சத்தியம் செய்யாதேங்கோ. அவ பாவம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கார்டில் பிழை கண்டுபிடித்தால் ஒரு குரல் வைத்திருப்பார், மெதுவாக, முடிவாக. அந்தக் குரலில் சொன்னார். பதினொரு வருடம் நான் அந்தக் குரலுக்கு இந்தப் பக்கம் நின்றவன். அன்றுதான் அந்தப் பக்கம் போனேன். அவருக்குப் போகப்போவது ஒரு பல். எனக்குப் போகப்போவது எது என்று அந்த நிமிடம் நன்றாகவே விளங்கியது.

"என்ர டி-ஃபோரைக் கொண்டாங்கோ" என்றார்.

டி-ஃபோர் என்பது ஒருவருக்கு வருடம் முழுவதும் என்ன சம்பளம் கொடுத்தோம் என்று முதலாளி நிரப்பிக் கொடுக்கும் தாள். ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி அரசாங்கத்துக்கு. கணக்காளரிடம் கொடுத்தால் செய்து தருவார். இரண்டே இரண்டு தாளுக்கு எதற்குக் கணக்காளர்? நானே நிரப்பினேன். அதை எடுத்துக் கொடுத்தேன். பவானி சிவப்புப் பேனாவை எடுத்து, கல்யாணக் கார்ட் பார்ப்பது மாதிரி, பெட்டி பெட்டியாக இறங்கினார். நாற்பத்தைந்தாம் பெட்டியில் பேனா நின்றது.

"இதென்ன நாலு?"

"நாலு வாய்."

"என்ன வாய்?"

"உம்மட வீட்டிலை நாலு பேர்தானே. நீர், ரமணன், ரெண்டு பிள்ளையள். நாலு வாய்."

விளக்கம் சொல்கிறேன். அந்தப் பெட்டி முன்பு கிடையாது. பல் திட்டம் வந்ததோடு புதிதாக வந்தது. நிரப்பாமல் விடமுடியாது. பல் சலுகை என்று ஏதோ எழுதியிருந்தது. ஒற்றை இலக்கம் ஒன்று கேட்டது. நான் என்ன நினைத்தேன்? அரசாங்கம் ஏதோ தரப்போகிறது, எத்தனை வாய் என்று கேட்கிறது, குறைத்துச் சொல்லிவிடக்கூடாது! பவானி வீட்டுக்கு நான்கு. எங்கள் வீட்டில் நான், மனைவி, மகள்: மூன்று. பந்திக்கு இலை போடுகிறவன் மாதிரி எண்ணிப் போட்டேன்.

"விளக்கம் எழுதின பக்கம் ஒண்டு வந்திருக்குமே?" என்றார் பவானி.

வந்திருந்தது. பிரின்டருக்கு அடியில், பிரின்டர் ஆடாமல் இருப்பதற்காக நாலாய் மடித்து வைத்திருந்தேன். உருவி எடுத்தோம். பவானி சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னார்:

"ஒண்டு எண்டா, ஒண்டும் இல்லை. ரெண்டு எண்டா, வேலை செய்யிறவருக்கு மட்டும் காப்புறுதி இருக்கு. மூண்டு எண்டா, அவருக்கும் துணைக்கும் பிள்ளையளுக்கும், முழுக் குடும்பத்துக்கும் இருக்கு. நாலு எண்டா..." நிறுத்தினார். "வேலை செய்யிறவருக்கும் துணைக்கும் இருக்கு."

பிரின்டர் ஒரு பக்கம் சரிந்து நின்றது.

"நீங்கள் ஒண்டு எண்டு போட்டிருக்கவேணும் அண்ணை."

"ஒண்டும் இல்லையெண்டா பூச்சியம் எல்லோ போடவேணும்?" என்றேன். தோற்றுப்போன பிறகும் ஏதாவது ஒரு வாதம் வைக்கவேண்டும் அல்லவா?

அவர் அந்த 4-ஐச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார். ஓரத்தில் 1 என்று எழுதினார். பதினொரு வருடத்தில் என் கையெழுத்தில் அவர் திருத்திய முதல் பிழை.

அடுத்த நிமிடமே சொன்னேன்: "பவானி, என்ர பிழை. நான் காசு கட்டுறன். நாளைக்கே போய்ப் பல்லைச் செய்யும்."

"வேண்டாம்."

"கடனா எண்டாலும்..."

"அண்ணை, இது எனக்குச் சட்டப்படி வரவேண்டியது. உங்கட ஒரு இலக்கத்தாலை நிண்டு போச்சு. எனக்குத் தானம் வேண்டாம். திருத்தம் வேணும்."

பல் வலியோடு ஒருவர் இவ்வளவு நிமிர்ந்து நிற்கலாம் என்று எனக்குத் தெரியாது. எனக்கெல்லாம் பல் வலித்தால் கேட்கிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

சரி, திருத்தம். அரசாங்கத்துக்குப் போன் எடுத்தோம். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, பிரெஞ்சுக்கு இரண்டை அழுத்து என்றது. பிரெஞ்சு வரிசை சின்னது என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி இரண்டை அழுத்தினேன். அரை மணித்தியாலம் பியானோ கேட்டோம். பிறகு ஒரு பெண், மிக மரியாதையாக. ஸ்பீக்கரில் போட்டேன். விண்ணப்பித்த மேடம் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்.

பவானிக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும். போனுக்குக் கிட்டக் குனிந்து, ஒரு கன்னத்தால் மட்டும் பேசி, "ஓம், ஓம்" என்றார்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

ஆமாம் என்பதற்குப் பிரெஞ்சில் 'வீ', நாம் சொல்லும் 'ஓம்' அவர்களுக்கு 'ஆண்' என்கிற சொல்லின் அதே சத்தம் என்பது எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

'மன்னிக்கவேணும் மிஸ்யூ, எங்கள் ஃபைலில் பெண் என்று இருக்கிறது. இப்போது பேசியது ஆணா?'

"நோன், நோன்! ஆண் இல்லை. ஓம் என்றால் எங்கள் பாஷையில் வீ!"

'அப்படியானால் வீ. ஆண்.'

"நான் ஆண் மேடம். அவர் ஆண் இல்லை. அவர் சொன்ன ஓம்தான்..."

"ஓம் அண்ணை, வடிவா விளங்கப்படுத்துங்கோ!" என்றார் பவானி, பக்கத்தில் இருந்து, நல்ல சத்தமாக.

பிறந்த திகதி, விலாசம், கணவன் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்டு அவர் பெண்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒன்று, திருத்திய டி-ஃபோர். மற்றது, முதலாளி தன் கையால், கம்பனித் தாளில், நான் பல் காப்புறுதி கொடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம்.

அன்று பின்னேரம் உட்கார்ந்து அந்த 4-ஐ எடுத்துவிட்டு 1 போட்டேன். சின்ன வேலை. ஆனால் விரல் கொஞ்சம் நின்றது. யோசித்துப் பாருங்கள்... இத்தனை காலமும் ஒட்டாவாவில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் நான் ஒரு வள்ளல். புருஷனையும் சேர்த்துப் பெண்சாதிக்குப் பல் கட்டிக் கொடுக்கும் சின்ன முதலாளி. அந்த மனுஷனை என் கையாலேயே அழித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையான என்னைப் போட்டேன்.

ஒன்று என்றால் ஒன்றும் இல்லை.

நான் மட்டுமா? நம்மவர் பலசரக்குக் கடை, சலூன், கராஜ், கேட்டரிங்... காப்புறுதி என்று வந்தால் நாங்கள் எல்லாரும் ஒன்றுதான்.

பிறகு காத்திருப்பு. டி-ஃபோரில் பிழை விட எனக்கு ஒரு செக்கன் போதுமாக இருந்தது. அதைத் திருத்த அரசாங்கத்துக்கு வாரங்கள் தேவைப்பட்டன. பவானி ஒரு பக்கத்தால் சாப்பிட்டார். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் இடியப்பம் போய்ச் சோறு வந்தது, சோறு போய்க் கஞ்சி வந்தது. ஒரு திங்கட்கிழமை கன்னம் வீங்கி வந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். அன்று மாலை ஒரு கார்ட் போகவேண்டும் என்று இருந்துவிட்டார்.

அந்தக் கார்டில்தான் அது நடந்தது. இருநூற்றைம்பது கார்ட் அடித்து, மடித்து, கட்டிய பிறகு மேலே இருந்ததை எடுத்துச் சும்மா பார்த்தேன். 'மணமக்கள் பலாண்டு வாழ்க.'

பவானியிடம் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது. நானே இரகசியமாகத் திரும்ப அடித்திருக்கவேண்டும். அவர் கார்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு 'ல்' போயிட்டுது" என்றார். பிறகு, "அண்ணை, என்ர பல்லு விழமுன்னம் கார்டிலை பல்லு விழுந்திட்டுது."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். வீங்கிய கன்னம் விடவில்லை. கண் மட்டும் நிறைந்தது. பதினொரு வருடத்தில் அவர் விட்ட ஒரே பிழை. அதுவும் யாருடைய பிழை? அவருடையதா? திருப்பி அடிக்கும்போது மெஷின் பக்கத்தில் நின்று இதைத்தான் யோசித்தேன். நான் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டேன். அது ஒட்டாவா வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு வந்து, யாரோ ஒரு பெண்ணின் கல்யாணக் கார்டில் ஒரு எழுத்தைப் பிடுங்கியிருக்கிறது.

அந்த வாரம் டாக்டரம்மா திரும்பவும் மருந்து கொடுத்தார். "இதுதான் கடைசி. அடுத்த தடவை வந்தா ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிடணும்" என்றார்.

அந்த ரெண்டில் ஒன்று வருமுன்னர் கடிதம் வந்தது. பவானி உறையைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். "நீங்களே வாசியுங்கோ. ஒரு இலக்கம் விடாமல்." பிரித்தேன். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டையும் உள்ளேயே இருந்தது.

ரூட் கனால் நடந்தது. பல் பிழைத்தது. "இன்னும் ஒரு பத்து நாள் போயிருந்தா எடுத்திருப்பேன்" என்றார் டாக்டரம்மா. ஊசியில் மரத்துப்போன வாயோடு பவானி நேரே கடைக்கு வந்தார். வீட்டுக்குப் போகாமல் ஏன் வந்தீர் என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த புதுக் கார்டை எடுத்து, விரலால் தொட்டு, 'பல்லாண்டு'வில் 'ல்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் இதை எழுதுவது நான் அல்லவா?

பல் பிழைத்த சந்தோஷத்தில் பவானி முறுக்குச் சுட்டுக்கொண்டு வந்தார். இரு பக்கத்தாலும் கடித்தார். நானும் கடித்தேன். சென்னைத் தொப்பி கழன்று என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அதனால் என்ன? நமக்குத்தான் திட்டம் இருக்கிறதே! உடனே விண்ணப்பித்தேன். உடனே நிராகரித்தார்கள். காரணம்? 'உங்கள் முதலாளி உங்களுக்கும், உங்கள் துணைக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் பல் காப்புறுதி வழங்குகிறார்.'

பவானியின் 4-ஐத் திருத்திய அவசரத்தில் என்னுடைய 3 அப்படியே கிடந்திருக்கிறது. கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். நிதானமாக வாசித்தாள்.

"நல்ல முதலாளியப்பா" என்றாள். "அந்தாளை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்."

ஆகவேதான் போன வியாழக்கிழமை எனக்கு நானே எழுதிய அந்தக் கடிதம். முதலாளி என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். தொழிலாளி என்ற இடத்திலும் வைத்தேன். தபாலில் போடமுன்னர், இனியாவது புத்தி வரட்டும் என்று, பவானியின் மேசையில் வைத்தேன்.

சிவப்புப் பேனா இறங்கியது.

"அண்ணை, குடுக்காதவரும் நீங்கள், கிடைக்காதவரும் நீங்கள். ரெண்டு இடத்திலையும் ஒரே கையெழுத்து. ஆர் நம்புவினம்? ஒரு சாட்சி வேணும்."

"சாட்சிக்கு ஆர் இருக்கினம்? கடையிலை இருக்கிறதே ரெண்டு பேர்."

"நான் வைக்கிறன்."

சொல்லிவிட்டு, இரண்டாவது வரியை ஒரே இழுப்பில் வெட்டினார். 'கொடுக்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை' என்ற வரி.

"அதேன் வெட்டுறீர்? நல்ல வசனம்."

"அதுக்கு என்னாலை சாட்சி சொல்லேலாது. எண்ணம் ஒருவேளை இருந்திருக்கும், எனக்குத் தெரியாது. இல்லாட்டியும்..." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இனி வரலாம். வாற எண்ணத்தை ஏன் எழுதி மறிக்கவேணும்?"

நான் பிரின்டரைப் பார்த்தேன். அது இப்போதும் ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கிறது.

"ஆனா இந்த முதல் வரி இருக்கெல்லே," என்றார் பவானி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முதலாளி ஒண்டும் தாறேல்லை எண்ட வரி. அதுக்கு எத்தினை இடத்திலை வேணுமெண்டாலும் சந்தோஷமா வைப்பன்."

கடைவாய் வரைக்கும் தெரியச் சிரித்தபடி, தாளின் அடியில் பெரிதாக ஒரு கையெழுத்து வைத்தார்.

நான் எடுத்துக் கொடுத்த நீலப் பேனாவால்தான் வைத்தார். அதையாவது முதலாளி தந்தார் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.